“தொண்டர்கள் தேவை” – எதற்கு?

“அன்புடையீர்! ஒளிமயமான எதிர்காலத்தை உருவாக்கும் மகத்தான சமூகப் பணியில் தங்களையும் இணைத்துக்கொள்ள ஓர் அரிய சந்தர்ப்பம்! சேவை உள்ளம் படைத்தோர் அனைவரும் திரண்டு வருக! ஆதரவு தருக!”

இந்த மாதிரி அறிவிப்பைப் பார்க்காத நேயர் நம் வாசகர்களில் ஒருவரும் இருக்கமாட்டார். கோயில் மதிலிலும், வாசகசாலைப் பலகையிலும், கல்லூரி வாயிலிலும் முன்னெல்லாம் இது ஒட்டப்பட்டிருந்தது. இப்போது கைப்பேசித் திரையில், கூப்பிய கரங்களின் படத்துடன், விடியற்காலையிலேயே வந்து சேருகிறது. படித்தவர்கள் ஆயிரம் பேர் என்றால் போனவர்கள் எத்தனை பேர்? சங்கத்தின் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார், காரியதரிசியின் மைத்துனர். மறுநாள் தலைவர் பெருமூச்சு விட்டு, “ஜனங்களுக்குப் பொதுக் காரியத்தில் சிரத்தையே இல்லாமல் போய்விட்டது” என்கிறார்.

ஜனங்களின் மேல் சுமத்தப்படும் இந்தப் பழியை நாம் ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை. மேற்கண்ட அறிவிப்பை மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள். என்ன வேலை என்று அதில் இருக்கிறதா? எந்தத் தேதி? எத்தனை மணிக்கு? “திரண்டு வருக” என்றால் எந்த இடத்தில் வந்து திரள்வது? ஒரு வீட்டுக்குச் சமையல் செய்ய ஆள் வேண்டுமென்றால்கூட, எத்தனை பேருக்குச் சமையல், காலையா மாலையா என்று சொல்லித்தான் ஆள் தேடுகிறோம். தேசத் தொண்டுக்கு ஆள் தேடும்போது மட்டும் இந்தச் சாதாரண மரியாதை மறந்து போகிறது. தொண்டுக்கு வருகிறவன் கூலி கேட்காதவனாகையால் அவனுக்கு விவரமும் வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறோம் போலிருக்கிறது.

இது ஏதோ தமிழ் நடையைப் பற்றிய விமர்சனம் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். அறிவிப்பு சரியாக எழுதப்படாததால் ஒருவருடைய ஒரு வருஷத்து உழைப்பு வீணாய்ப் போகக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கண் பார்வையில்லாத மாணவர்கள் பரீட்சை எழுதுவது எப்படி என்று நம்மில் பலர் யோசித்திருக்கமாட்டோம். பாளையங்கோட்டை, பூந்தமல்லி முதலிய ஊர்களிலுள்ள பார்வையற்றோர் பள்ளிகளில் பிள்ளைகள் பிரெய்ல் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கிறார்கள். கல்லூரிக்கு வந்த பிறகு, பாடங்களை யாராவது வாசித்துப் பதிவு செய்து கொடுக்க, அதைக் காதால் கேட்டுப் படிக்கிறார்கள். கணிப்பொறி பேசுகிறது, அதனிடமும் கேட்டுக்கொள்கிறார்கள். படிப்பு எப்படியோ நடந்துவிடுகிறது. ஆனால் பரீட்சை மண்டபத்தில் விடைத்தாள் என்பது மையினால் எழுதப்பட வேண்டிய காகிதம். திருத்துகிறவருக்கோ புள்ளி தெரியாது. ஆகவே, மாணவர் வாயால் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதித் தருகிறார். சர்க்கார் பாஷையில் அவருக்குப் பெயர் ‘சொல்வதை எழுதுபவர்’. பல பரீட்சைகளில் நிர்வாகமே ஆள் ஏற்பாடு செய்கிறது. மற்றவற்றில் மாணவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் குறித்த நாளில் குறித்த நேரத்தில் வந்து சேராவிட்டால், வருஷம் முழுவதும் படித்த படிப்பு வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது.

இந்தப் பணிக்கு ஆள் தேடும் அறிவிப்புக்கள் பரீட்சைப் பருவத்தில் ஏராளமாக உலவுகின்றன. பெரும்பாலும் இப்படி இருக்கும்: “இருளில் தவிக்கும் ஒரு ஜீவனுக்கு நீங்கள் ஒளியாக மாட்டீர்களா? நாளைக் காலை பரீட்சை எழுத உதவி தேவை. அவசரம்! அனைவருக்கும் பகிரவும்!”

எழுதியவரின் நல்ல உள்ளத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த மூன்று வரியில் எத்தனை ஆபத்து இருக்கிறதென்று பாருங்கள். முதலாவது, ‘நாளை’. எந்த நாளின் நாளை? கைப்பேசிச் செய்திக்குச் சாவு கிடையாது. இன்று எழுதியது அடுத்த வருஷமும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போதும் அது ‘நாளை’ என்றே சொல்லும். பரீட்சை எழுதித் தேறி, மேல்படிப்புக்கும் போய்விட்ட மாணவரை நடுநிசியில் யாரோ ஒரு புண்ணியவான் கூப்பிட்டு, “நாளைக்கு நான் வருகிறேன்” என்கிறார். அந்தப் புண்ணியவானுக்கும் இதில் ஏமாற்றந்தான். அடுத்த தடவை உண்மையான அழைப்பு வந்தால், “இதுவும் பழசாயிருக்கும்” என்று தள்ளிவிடுவார். தேதியையும் வருஷத்தையும் போட இரண்டு விநாடி ஆகுமா? அது இல்லாத குறையால் ஒரு நல்ல மனிதரை நிரந்தரமாக இழந்துவிடுகிறோம்.

இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது. ‘உதவி தேவை’ என்று மட்டும் சொன்னால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றுதானே அர்த்தம்? ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. மத்திய அரசு 2018-ம் வருஷத்தில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மாணவர் தாமே ஒருவரை அழைத்து வந்தால், வருகிறவருடைய படிப்பு மாணவருடைய படிப்பைவிட ஒரு படி குறைந்திருக்க வேண்டும் என்று ஏற்பட்டது. படித்தவர் ஒருவர் பக்கத்திலிருந்து விடையையே சொல்லிக் கொடுத்துவிடக் கூடாதல்லவா? நியாயமான எச்சரிக்கைதான். அதன் பலன் என்னவென்றால், பி.ஏ. பரீட்சை எழுதும் மாணவருக்காக எம்.ஏ. படித்த ஒரு பெரியவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றால், அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மணி ஒன்பதரை. வேறு ஆளுக்கு எங்கே போவது? இந்த விதிகள் பரீட்சைக்குப் பரீட்சை வேறுபடுகின்றன; காலத்துக்குக் காலம் மாறியும் வருகின்றன. ஆகையால் அறிவிப்பை எழுதுகிறவர் அந்தப் பரீட்சையின் விதியைக் கேட்டறிந்து, அதைத் தம் அறிவிப்பில் போட்டேயாக வேண்டும். “அதிகம் படித்தவர்கள் தயவு செய்து வரவேண்டாம்” என்று விளம்பரம் செய்ய நேருவது உலகத்தில் இந்த ஒரு தொண்டுக்குத்தான் என்று நினைக்கிறோம்!

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே நெறிமுறைகள், பரீட்சை நேரத்தில் மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் அதிக அவகாசம் கொடுக்கச் சொல்லின. மூன்று மணி நேரப் பரீட்சை அந்தக் கணக்கில் நான்கு மணி நேரமாகிறது. ‘மூன்று மணி நேரம்’ என்று அறிவிப்பைப் படித்து வந்த கல்லூரிப் பெண், ஒரு மணிக்குத் தன் வகுப்புக்குப் போகவேண்டுமென்று கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தால், சொல்லிக்கொண்டிருக்கும் மாணவர் கடைசிக் கேள்வியில் தடுமாறத்தானே செய்வார்? பார்வையில்லாவிட்டாலும் பக்கத்திலிருப்பவரின் அவசரம் அவருக்குத் தெரியாமற் போகாது.

இனி அதே அறிவிப்பை நாம் எழுதினால் எப்படி எழுதுவோம் என்பதைக் காட்டுகிறோம். பெயரும் தேதியும் அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியவை.

“பரீட்சை எழுத ஒருவர் தேவை. மாணவி பி.ஏ. இரண்டாம் ஆண்டு; பார்வையற்றவர். பாடம் சரித்திரம், விடைகள் தமிழில். நாள் – கிழமை, தேதி, வருஷம். காலை 9½ மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. இடம் – கல்லூரியின் பெயர். இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம். தமிழை விரைவாகவும் தெளிவாகவும் எழுதத் தெரிந்தால் போதும். பிளஸ் டூ தேறியவராயிருக்க வேண்டும். பட்டதாரிகளுக்கு இந்தப் பரீட்சையில் அனுமதியில்லை. சரித்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது மாணவிக்குத் தெரியும். முந்தின நாள் அரை மணி நேரம் இருவரும் பேசிப் பழகிக்கொள்ளலாம். பஸ் கட்டணம் தரப்படும். வர இயலாமற்போனால் முந்தின நாள் மாலை 6 மணிக்குள் தெரிவிக்கவும். ஆள் கிடைத்தவுடன் இந்த அறிவிப்பு எடுக்கப்படும்.” கீழே ஒரு மனிதரின் பெயர், அவருடைய போன் எண். ‘செயற்குழு’ என்று கையெழுத்திடுவது கூடாது. செயற்குழுவைப் போனில் கூப்பிட முடியாது. மாணவியின் பெயரையும் எண்ணையும் போடுவது அதைவிடக் கூடாது. ஊரெல்லாம் சுற்றப்போகும் காகிதத்தில் ஒரு பெண்ணின் விலாசம் எதற்கு?

இதில் ‘இருள்’ இல்லை, ‘ஒளி’ இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். வேண்டுமென்றேதான் விட்டோம். பி.ஏ. சரித்திரம் படிக்கும் ஒரு பெண்ணைத் ‘தவிக்கும் ஜீவன்’ என்று சொல்ல நாம் யார்? அவளுக்கு வேண்டியது நான்கு மணி நேரத்துக்கு ஒரு கை. பரிதாபப்பட்டு வருகிறவர் என்ன செய்வார் தெரியுமா? அவள் சொல்லும் வாக்கியத்தைத் தாமே ‘திருத்தி’ எழுதுவார். நீளமான விடையைச் சுருக்குவார். “இது போதுமம்மா” என்பார். இந்தத் தொண்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் அதுதான். எழுதுகிறவர் கேள்வியை மெதுவாக, மதிப்பெண்ணையும் சேர்த்து, வாசித்துக் காட்ட வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். கேட்டால் திரும்பப் படிக்க வேண்டும். மணி என்னவென்று அவ்வப்போது சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் செய்யக் கூடாது. ‘சரித்திரம் மாணவிக்குத் தெரியும்’ என்ற ஒரு வரி, வருகிறவரின் மனசில் இதையெல்லாம் முன்கூட்டியே பதிய வைத்துவிடும்.

அறிவிப்பைப் படிக்கும் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் சங்கங்கள் பொதுவாக, “இளைஞர்களே, எழுமின்!” என்று ஆரம்பிக்கின்றன. வீட்டில் மத்தியான வேளையில் இரண்டு மணி நேரம் ஓய்வாயிருக்கும் தாயார்மார்களும், பென்ஷன் வாங்கிய பள்ளி உபாத்தியாயரும் அந்த முதல் வார்த்தையிலேயே, “இது நமக்கில்லை” என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அப்படித் திருப்பாதவர்களுக்கும் வாய்விட்டுக் கேட்க முடியாத சில கேள்விகள் உண்டு. அங்கே வேறு பெண்கள் வருவார்களா? எத்தனை மணிக்கு முடியும்? இருட்டுவதற்குள் வீடு திரும்பலாமா? குழந்தையை அழைத்து வரலாமா? ஒரு நாள் போனால் தினந்தோறும் வரச் சொல்லி வற்புறுத்துவார்களா? இவற்றைக் கேட்பதற்காக யாரும் காரியதரிசியைத் தேடிக்கொண்டு போகமாட்டார்கள். போகாமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான். கேட்கப்படாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லுகிற அறிவிப்புக்குத்தான் கூட்டம் சேரும்.

இதற்கு அண்மைக்காலத்துத் திருஷ்டாந்தம் ஒன்று நம் ராஜ்யத்திலேயே இருக்கிறது. தொற்றுநோயினால் பள்ளிக்கூடங்கள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறக்கத் தொடங்கியபோது, 2021-ம் வருஷம் அக்டோபர் மாதம் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தொண்டர்களை அழைத்த விதத்தைப் பாருங்கள். ஒருவருக்கு அதிகமாகப் போனால் இருபது பிள்ளைகள். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம். உங்கள் குடியிருப்பிலேயே. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக் கொடுக்கப் பிளஸ் டூ. அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரைக்கும் பட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. வேலை, இடம், நேரம், தகுதி, வரும்படி எல்லாம் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். ஏறக்குறைய இரண்டு லட்சம் தொண்டர்கள் முன்வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரம் ரூபாய் வாங்கினால் அது தொண்டாகுமா என்று தர்க்கம் செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். அந்தப் பெண்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது பணத்தைவிட, ‘உங்கள் குடியிருப்பிலேயே’ என்ற சொல்தான் என்பது நமது எண்ணம்.

“விவரங்களெல்லாம் சரிதான், ஆனால் கஷ்டங்களையும் சொன்னால் வருகிற நாலு பேரும் ஓடிவிடமாட்டார்களா?” என்று அனுபவஸ்தர்களான காரியதரிசிகள் கேட்கக்கூடும். அவர்களுக்குப் பதில் சொல்ல நாம் காந்தி மகாத்மாவைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

1913-ம் வருஷம் தென்னாப்பிரிக்காவில், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளிகளின் மேல் விதிக்கப்பட்டிருந்த மூன்று பவுன் வரியை எதிர்த்துப் போராட்டம் மூண்டது. நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளிகளிடம் வேலைநிறுத்தம் பற்றி முதலில் பேசியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பதினொரு பெண்மணிகள். ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் தமிழ்ப் பெண்கள். அவர்கள் பேசிய விஷயம் அந்த மூன்று பவுன் வரி. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அது தன் மடியிலிருந்து போகும் காசு. அதற்கு வியாக்கியானம் வேண்டியிருக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து சேர்ந்தபோது, காந்திஜி அவர்களுக்கு வீர உரை ஏதாவது நிகழ்த்தினாரா? சிறையில் படவேண்டிய துன்பங்களை எடுத்துச் சொன்னார். மனம் தளர்ந்தவர்கள் திரும்பிப் போய்விடலாம் என்றார். வழியில் கிடைக்கும் உணவு இவ்வளவுதான் என்று அளவு சொன்னார்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. நவம்பர் 6-ந் தேதி எல்லையைத் தாண்டப் புறப்பட்ட கூட்டத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் இருந்தனர்.

எல்லாவற்றையும் விட வேடிக்கையான உதாரணம் நம் தஞ்சாவூர் ஜில்லாவில் நடந்தது. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். அப்போது தஞ்சை ஜில்லாக் கலெக்டராயிருந்த ஸ்ரீ தார்ன் என்னும் ஐ.சி.எஸ். கனவான், தொண்டர்களுக்கு இடமோ உணவோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதச் சிறை என்று பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அறிவித்தார். போதாதென்று ஊர் ஊராகத் தண்டோராவும் போடச் செய்தார். அந்த அறிவிப்பை நாம் இப்போது சொல்லிவரும் கண்கொண்டு பார்க்க வேண்டும். யார் வருகிறார்கள், எந்தப் பாதையில் வருகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது என்ன, கொடுத்தால் கொடுப்பவருக்கு நேரும் கஷ்டம் எவ்வளவு – இத்தனையையும் அது தெள்ளத்தெளிவாகச் சொல்லிவிட்டது! விளைவு என்ன? சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. யார் கட்டினார்களென்று போலீஸாருக்குத் தெரியவில்லை, தொண்டர்களுக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 28-ந் தேதி அவர்கள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். காங்கிரஸ் காரியாலயம் எத்தனை பணம் செலவழித்திருந்தாலும் இவ்வளவு நல்ல விளம்பரத்தைச் செய்திருக்க முடியாது.

கஷ்டத்தைச் சொல்லலாம் என்றதும், கஷ்டத்தையே அலங்காரமாக்கிவிடக் கூடாது. தென்துருவ யாத்திரை சென்ற ஷாக்கிள்டன் என்பவர், சம்பளம் குறைவு, குளிர் அதிகம், உயிரோடு திரும்புவது சந்தேகம் என்ற கருத்தில் பத்திரிகையில் ஆள் தேடி விளம்பரம் செய்ததாகவும், ஜனங்கள் அலைமோதியதாகவும் ஒரு கதை உண்டு. விளம்பரக் கலையைப் பற்றிய புத்தகங்களெல்லாம் அதைப் பாராட்டுகின்றன. ஆனால் அந்த விளம்பரம் வெளியான மூலப் பத்திரிகையை, எவ்வளவோ பேர் தேடியும், இதுவரையில் ஒருவரும் காட்டவில்லை. பின்னால் வந்தவர் யாரோ கட்டிய கதையென்றே ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். வீர சாகஸம் தேடுகிறவர்களுக்கு அந்த நடை பிடிக்கும். ஆனால் பரீட்சை மண்டபத்தில் நான்கு மணி நேரம் வாய் திறவாமல் எழுதுவதற்கு சாகஸப் பிரியர்களைக் காட்டிலும், சொன்ன நேரத்துக்கு வருகிறவர்கள்தான் தேவை.

இந்தப் பருவத்துக்கு உடனே உதவக்கூடிய சில குறிப்புகளைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பரீட்சைகள் பெரும்பாலும் நவம்பர் மாதத்தையும் ஏப்ரல் மாதத்தையும் ஒட்டி வருகின்றன. பரீட்சை அட்டவணை வெளிவந்த அன்றே அறிவிப்பை எழுதிவிட வேண்டும். எழுத வருகிறவருடைய புகைப்படம், படிப்புக்கான அத்தாட்சி, அடையாளச் சீட்டு இவற்றைக் கொடுத்து முன்கூட்டி அனுமதி பெறவேண்டியிருக்கும். அதற்கும் நாள் பிடிக்கும். ஆறு பரீட்சைகளுக்கும் ஒரே ஆளைத் தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். ஆறு தேதிகளையும் தனித்தனி வரியாகப் போட்டு, ‘உங்களால் முடிந்த ஒன்றைக் குறிப்பிடுங்கள்’ என்றால், ஆறு வீட்டிலிருந்து ஆறு பேர் வருவார்கள். ஒவ்வொரு தேதிக்கும் மாற்றாள் ஒருவரையும் சொல்லி வைத்திருக்க வேண்டும். ஜுரம் யாருக்கு எப்போது வருமென்று யார் கண்டது? வருவதாகச் சொன்னவருக்கு அன்றைக்கே பதில் எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து எழுதினால் அவர் அதற்குள் வேறு வேலையை ஒப்புக்கொண்டிருப்பார்.

பரீட்சை முடிவு வெளியானதும், எழுதிக்கொடுத்தவருக்கு ஒரு வரி தகவல் அனுப்ப வேண்டும். தேறினாலும் அனுப்ப வேண்டும். தேறாவிட்டாலும் அனுப்ப வேண்டும். அந்த வரியிலேயே, அடுத்த பரீட்சை எந்த மாதம் என்பதையும் எழுதிவிடலாம்.